தலையணைக்கு ஊசி போட்டவள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே, காரணம் சொல்கிறேன்.

உன் தங்கையை, வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றதும், அவளுக்குத் தைரியம் போதாது என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாமே, அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. தொற்றுக்காலத்தில் அவள் நர்சிங் படித்த லட்சணத்தை நீயா பார்த்தாய், நான் பார்த்தேன். சமையலறை ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்கும், இந்தப் பக்கம் குக்கர் கத்தும், அந்தப் பக்கம் டீச்சர் போனுக்குள் ரத்தம் எடுத்துக் காட்டுவார், ஊசி தோலைத் தொடும் நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிடும். செய்முறைத் தேர்வுக்கு உன் பழைய தலையணையில் குத்திக் காட்டினாள், முழு மார்க் போட்டார்கள். தலையணை என்ன, ஐயோ என்று கத்தவா போகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் கத்தினார். குத்திக் குத்திப் பார்த்தும் நரம்பு கிடைக்கவில்லை, போன்ல படிச்ச பிள்ளைதானே நீ, வீட்டுக்குப் போம்மா என்று தலைமை நர்ஸ் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். சொல்லிக்கொடுக்க அந்த அம்மாளுக்கு நேரமில்லை, மூக்கை அறுக்க மட்டும் நேரமிருந்தது. கல்லூரியில் கேட்டால், சர்டிபிகேட் கொடுத்தாச்சே, இன்னும் என்னங்க என்கிறார்கள்.

திங்கட்கிழமை வேறோர் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள், போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைத் தட்டி என் கையை நீட்டினேன். அப்பாவுக்கு ஊசியைப் பார்த்ததும் கடையில் ஏதோ வாங்க மறந்தது ஞாபகம் வந்துவிட்டது, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். இடது கை வீங்கியதும் வலது கையைக் கொடுத்தேன், அதுதான் இந்தக் கோணல் எழுத்து. நேற்று முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. இரண்டு பேரும் அழுதோம், எனக்கு வலியில்லை, ஆத்திரம்தான். கல்லூரி சொல்லித்தர வேண்டியதை என் கை சொல்லித்தருகிறது. ஆனாலும், அம்மா கை வேற, வேற ஒருத்தர் கை வேறம்மா என்று இன்னும் பயப்படுகிறாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் அல்லவா, தங்கைக்கு வாட்ச் கீட்ச் என்று எதுவும் வாங்கி வராதே. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா. தைரியம் யாருக்குப் போதாது என்று அப்போது பார்ப்போம்.

இப்படிக்கு,
இரண்டு கையும் வீங்கிய
உன் அம்மா