பெட்டி கட்டியும் பிடிபடாத நெஞ்சு

மார்ச் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை. றப்பர் மரத்துக்கெல்லாம் இன்று லீவு. எனக்கு ஏற்கனவே லீவு.

சத்தியமாகச் சொல்கிறேன், இனி எழுதப்போவதை ஒருத்தனும் நம்பமாட்டான். நானே எழுதி, நானே வாசித்து, நானே நம்பாமல் போகலாம். இருந்தாலும் சரித்திரம் முக்கியம்.

என் நெஞ்சு ஓடுகிறது. சும்மா இருக்கும்போதே திடீரென்று, ஒரு பஸ்ஸை இன்னொரு பஸ் முந்துகிற மாதிரி. கொஞ்சம் ஓடிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுவிடும். போன மாதம் வளைவில் ஓடியது. கண் இருட்டி, பால் ஏற்றிய லொறியின் முன் டயர் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள். தோட்டத்துத் துரை சாவியை வாங்கிக்கொண்டார். ஓட்டலாம் என்று டாக்டர் கடிதம் தரும்வரை சாவி இல்லை. இந்தத் தோட்டத்தின் பாலெல்லாம் என் கையால்தான் பெக்டரி போய்ச் சேர்ந்தது. இப்போது வேறு எவனோ கியரைக் கத்த வைக்கிறான். வீட்டுக்குள் இருந்து கேட்கிறேன்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிவைத்தேன். ஏழாம் மலையில் சிறுத்தை முறைத்தது. மின்னல் நெஞ்சில் புகுந்து கால் வழியாக வெளியேறியது. கடைசியாக, கமலாவின் ரொட்டியை முழுங்கினால் போதும், நெஞ்சு எகிறுகிறது என்றேன். களமே சிரித்தது. பின்னால் கமலா நின்றாள். என் வீட்டுக்காரி.

விளையாட்டுக்குச் சொன்ன பொய் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். ரொட்டி நின்றது. இனி எனக்குக் காலையில் கஞ்சி. அவளுக்கு ரொட்டி, கட்டசம்பல், என் கண் முன்னாலேயே.

மார்ச் 5, வியாழன்

வெயில். டவுன் ஆஸ்பத்திரியில் நெஞ்செல்லாம் வயர் ஒட்டி, இடுப்பில் பெட்டி கட்டி அனுப்பினார்கள். நாளை வரை நெஞ்சடிப்பு முழுவதையும் அது பதிந்துகொள்ளுமாம். ஓடும்போது பிடிபட்டால்தான் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று தேட முடியும்.

ஓட வைக்க நான் செய்தவை:
– கோயில் மலை, ரெண்டு தரம்.
– ஸ்டோர் கிளாக்கரோடு சண்டை. காரணம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று கண்டுபிடித்தோம்.
– கொச்சிக்காய், பச்சையாக. எரிந்தது நாக்கு மட்டும்.

நெஞ்சு கோயில் மாடு மாதிரி ஆடி அசைந்து நடந்தது. கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்கியது. குளிக்கவும் கூடாது. நாறுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

ரிசல்ட்: சுத்தம். மனப்பயம், போய் ரெஸ்ட் எடுங்கள் என்றார் டாக்டர். கடிதம்? அதுவும் தரமாட்டாராம். கண் இருட்டியது எதனால் என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது. நோயும் இல்லை, சாவியும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்.

கூட வந்தது சுதா, அக்கா மகள். பார்மசியில் வேலை. அவள் சிங்களம் பேசினால் சிங்களவர்களே வழிவிடுவார்கள்.

"ஊரை ஏமாத்தலாம் மாமா. பெட்டியையுமா?"

கோபத்தில் பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு காய்ந்த ரொட்டி. ரெண்டாவது வாயில் கிளம்பியது ஓட்டம். சுதா சிரித்துக்கொண்டேதான் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மாமா, நெசமாவே ஓடுதே என்று சொல்லி, என்னை ஆஸ்பத்திரிக்குத் திரும்ப இழுத்துப் போனாள். வாசலை மிதிக்கும்போது நெஞ்சு ஓட்டத்தை நிறுத்திவிட்டது. துரோகி. ஆனாலும் அவள் பேசிய பேச்சில் கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு கிடைத்தது.

ரொட்டி... யோசித்தேன். யோசிக்காமல் விட்டேன். சத்தியம் செய்தாச்சு.

ஏப். ஏதோ ஒரு நாள்

கொழும்பிலிருந்து கூப்பிடவில்லை. கஞ்சி.

ஜூன் 18, வியாழன்

கொழும்பு. புழுக்கம். நேற்று எல்லாம் முடிந்ததும் கால் நீட்டிப் படு, அசையாதே என்றார்கள். அதனால் இன்று எழுதுகிறேன்.

முந்தின நாளே பட்டினி போட்டுவிட்டார்கள். தொடை வழியாக வயர்களை நெஞ்சுக்குள் விட்டார்கள். எனக்கு முழிப்பு. எதிரே தியேட்டர் திரை அளவு டிவியில் என் நெஞ்சு, கலர் கலராக. டாக்டரம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தது: வரிசை வீட்டு லயத்தில் யாரோ கத்தினால், எந்தக் காம்பரா வீட்டுக்கு முதலில் கேட்டது என்று விசாரி, கத்தினவன் அதற்குப் பக்கத்தில்தான். ஒவ்வொரு வயரும் ஒரு காம்பரா. யாருக்கு முதலில் கேட்டது என்று கம்ப்யூட்டர் விசாரிக்கும்.

ஆனால் கத்த வேண்டுமே. கரண்ட் வைத்துத் தட்டினார்கள். மருந்து ஏற்றினார்கள். நெஞ்சு தியானத்தில்.

இனியும் வராவிட்டால் வயரை எடுத்துவிடுவேன் என்றார் டாக்டரம்மா. எப்போதுதான் வருகிறது, உண்மையைச் சொல்லுங்கள் என்றார். சிறுத்தை நாக்கு நுனிவரை வந்தது. லொறிச் சாவியை நினைத்தேன்.

"ரொட்டி முழுங்கினா வரும் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. அப்படியும் சிலருக்கு வருமாம், சோறு இறங்கும் குழாய் நெஞ்சை உரசிக்கொண்டுதான் போகிறதாம். வெளியே காத்திருந்த கமலாவின் பையிலிருந்து நர்ஸ் ஒரு ரொட்டி வாங்கி வந்தார். படுத்தபடி, நகக்கண் அளவுத் துண்டு. ஒன்றுமில்லை. ரெண்டாவது துண்டு. டிவியில் தீபாவளி. ஒரு வயருக்கு எல்லாருக்கும் முந்திக் கேட்டிருக்கிறது. அந்த இடம் சிவப்பாக மின்னியது. அங்கே வயர் நுனியால் சூடு வைத்தார்கள். மறுபடி ரொட்டி. அமைதி. பிறகும் ரொட்டி. அமைதி.

ஜூன் 20, சனி

வீடு. மழை. கடிதம் இன்னும் இல்லை. வீட்டில் வழக்கம்போல ரொட்டி தின்று, அடுத்த மாதம் திரும்பப் பெட்டி கட்டி, அப்போதும் ஓடாவிட்டால்தான் கையெழுத்து.

கமலாவோ லயம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள், "கொழும்பு டாக்டரம்மாவே கேட்டு வாங்குனாங்க என் ரொட்டிய." அவர்களுக்குப் பசி என்று நினைத்துவிட்டாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்ததில்லை. கெடுக்க மனசில்லை. ஆனால் ரொட்டி வேண்டும்.

சொன்னேன். எல்லாவற்றையும்.

அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது பொய்யின்னு அம்மன் மேல சத்தியம் பண்ணுனீங்களே."

"அந்தச் சத்தியந்தான் பொய்."

மாவு டப்பாவை இறக்கினாள். பிசைகிற அடியில் பலகை அலறுகிறது. இன்றைக்கு ரொட்டி லொறி டயர் மாதிரிதான் வரும். தின்றுதான் ஆகவேண்டும்.

சிறுத்தை பொய். மின்னல் பொய். கோயில் மலைக்கு ரெண்டு தரம் ஏறியதும் பொய், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரொட்டி நிஜம்.