இரண்டு கோப்பைத் தேநீருக்கு இரண்டு புள்ளி

அனுப்புபவர்:
திருமதி தனலெட்சுமி சிவஞானம்,
தெமோதரை வீதி, பதுளை.

பெறுபவர்:
வளர்ந்தோர் கல்விப் பொறுப்பதிகாரி அவர்கள்,
பதுளை.

விடயம்: மனையியல் மாலை வகுப்புப் பரீட்சையில் எனது விடைத்தாளையும் தேநீரையும் மீளத் திருத்துதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆசிரியையைக் குடையால் அடித்தேன் என்று கடைவீதியில் பேசப்படுவது பொய். குடை அவர்மீது படவில்லை. கரும்பலகையில் பட்டது, கரும்பலகைதான் விழுந்தது. வகுப்பில் கையை உயர்த்திய பின்பே பேச வேண்டும் என்று கன்னியர் மடப் பாடசாலையில் எனக்குக் கற்பித்தார்கள். என் வலது தோள் ஏழு வருடமாக மேலே எழுவதில்லை. ஆகவே குடையை உயர்த்துகிறேன். முன்வரிசையில் இருப்பதும் என் வழக்கம்.

2. அன்று நான் கேட்க விரும்பிய கேள்வி ஒன்றுதான். தேயிலையைப் பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்று வகுப்புக் குறிப்பேட்டில் உள்ளதே, அதை எழுதியவர் தேநீர் குடித்திருக்கிறாரா?

3. என் கணவர், காலஞ்சென்ற சிவஞானம், தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்தவர். தேயிலைமேல் கொதிநீரை ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். அந்த ஐந்து நிமிடமும் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பரீட்சையிலும் நான் அவ்வாறே செய்தேன். மேற்பார்வையாளர் பேசினார்; பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

4. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்கிறது குறிப்பேடு. கூட்டுறவுக் கடையில் சீனிக்கு உள்ள தட்டுப்பாடு தாங்கள் அறியாததல்ல. நான் கித்துள் மரத்துக் கருப்பட்டித் துண்டு வைத்தேன்.

5. ஆசிரியை செல்வி நளீரா ஒரு கோப்பை குடித்தார். பின்னர், "அம்மா, இன்னொரு கோப்ப ஊத்துங்க. யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை. தங்களுக்கு எழுதுவது சொல்வதில் சேராது. இரண்டாவது கோப்பையையும் அடிவரை குடித்துவிட்டு, செய்முறைக்குப் பூச்சியம் போட்டார். காரணம்: "குறிப்பேட்டின்படி செய்யப்படவில்லை."

6. என் மொத்தப் புள்ளி முப்பத்தெட்டு. சித்தியடைய நாற்பது வேண்டும்.

7. பக்கத்து வாங்கில் இருக்கும் பெரியாயி, முன்பு தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவாக இருந்தவர், அறுபத்து நான்கு புள்ளி பெற்றார். அவர்மீது எனக்குக் குறையில்லை. எப்படி என்று விசாரித்தேன். "நோட்டுல உள்ளபடியே கொதிக்க வச்சேங்கம்மா. அந்த டீய எங்க வீட்டுல போட்டா மருமக என்னைய வெளிய தள்ளிருவா" என்றார். ஆசிரியை அவருடைய கோப்பையை ஒரு வாயோடு வைத்துவிட்டதை வகுப்பு முழுவதும் பார்த்தது.

8. இந்த வயதில் சான்றிதழ் எதற்கு என்று என் மகனும் கேட்கிறான். பதினாறு வயதில், இறுதிப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், எனக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். அன்று வரை வகுப்பில் முதலாவதாக இருந்தவள் நான். அதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதமும் என்னிடம் இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.

9. செல்வி நளீராவைத் தண்டிக்க வேண்டாம். நல்ல பிள்ளை, அவருடைய கையெழுத்து மட்டும் திருந்த வேண்டும். எனக்கு இரக்கப் புள்ளியும் வேண்டாம். கேட்டு வாங்கிக் குடித்த தேநீருக்குக் கோப்பைக்கு ஒன்று வீதம் இரண்டு புள்ளி வழங்கும்படி கேட்கிறேன்.

10. இத்துடன் தேயிலைப் பொட்டலம் ஒன்று இணைத்துள்ளேன். இது கையூட்டு அல்ல, சாட்சி. தயவுசெய்து கொதிக்க வைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து முடிவெடுங்கள்.

தங்கள் பதிலை எழுத்தில் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
தனலெட்சுமி சிவஞானம்
(பரீட்சைச் சுட்டெண் 11)

பதுளை,
14.08.1974