சடைக்காரியும் கிராப்புக்காரியும்

மகனுக்கு,

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று மூன்று நாள் பொறுத்தும் ஆறாமல் அம்மா எழுதுவது. போனில் பேசினால் அழுதுவிடுவேன். நீயும் "சிக்னல் சரியில்லைம்மா" என்று நழுவிவிடுவாய். அதனால்தான் கடிதம். நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசைப் பற்றி நீ கேட்க வேண்டாம்.

மாடி அறைக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. நீ கேட்ட அதே இளநீலம். ஜன்னல் திரையை நானே தைத்து மாட்டினேன். ஆடிக்கொண்டிருந்த கட்டிலைத் தச்சர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். வருடக் கடைசியில் இரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவோம், இனி இங்கேதான் என்று சொன்னவன் நீதானே? அந்தப் பேச்சை நம்பித்தான் இவ்வளவும் செய்தேன்.

இப்போது பூனை விஷயம். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் நாம் போனில் பேசியது இது ஒன்றைத்தான். வாங்குவது பெர்ஷியனா, எக்ஸாட்டிக்கா? இரண்டும் ஒரே வம்சம். அதே சப்பை மூக்கு, யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி அதே உம்மணாமூஞ்சி. முடிதான் வித்தியாசம். இந்தப் பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை என்று நீள முடி பெர்ஷியனுக்குச் சடைக்காரி, குட்டை முடி எக்ஸாட்டிக்குக் கிராப்புக்காரி என்று நான் பெயர் வைத்தபோது நீ எப்படிச் சிரித்தாய்!

நான் கிராப்புக்காரி பக்கம் இருந்தேன். ஆல்டரேஷன் கடை வைத்துப் பிழைக்கிறவள், முன்னறை முழுக்க அடுத்தவர் துணி. கறுப்புக் கோட்டில் வெள்ளை முடி ஒட்டியிருந்தால் வக்கீலம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நீதான் சடைக்காரிக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்தாய். தினமும் சீவாவிட்டால் அந்த முடி சிக்குப் பிடித்துக் கட்டி கட்டியாகிவிடுமே என்றேன். "மாடியிலயே வச்சுக்கலாம்மா. நாம மூணு பேர் இருக்கோம்ல? தினமும் நானே சீவி விடறேன்" என்றாய். தன் தலையையே ஒழுங்காகச் சீவாதவன் பூனைக்குச் சீவப் போகிறானாக்கும் என்று கேலி செய்தேன். உள்ளுக்குள் எனக்கு எப்படிக் குளிர்ந்துபோயிற்று தெரியுமா? அந்த "நாம" என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் சடைக்காரிக்குத் தலையாட்டினேன்.

போன மாதம் திடீரென்று பல்டி அடித்தாய். "வேணாம்மா, கிராப்புக்காரியே இருக்கட்டும். உனக்கு வேலை கம்மி" என்றாய். அம்மா பேச்சை மதிக்கிறான் பிள்ளை என்று பூரித்துப்போனேன், மடச்சி. ஒரு நூல் பிசகினாலும் தையலைப் பிரித்துப் போடுகிறவள் நான். "நாம" இருந்த இடத்தில் "உனக்கு" வந்து உட்கார்ந்ததைக் கவனிக்காமல் விட்டேன் பார்!

செவ்வாய்க்கிழமை குட்டிகளைப் பார்க்கப் போனேன். குட்டி விற்கிற பூனைக்காரம்மா இரண்டு ஜாதியிலும் ஒவ்வொன்றை எடுத்து வைத்திருந்தார். கறாரான மனுஷி. வீட்டு விவரம் எழுதிக் கொடுக்காமல் யாருக்கும் குட்டி தரமாட்டாராம். "உங்க பையன் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே நிரப்பி அனுப்பிட்டார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினார். அளவுச் சீட்டையே இரண்டு தரம் படிக்கிறவள் உன் அம்மா என்பதை நீ மறந்துவிட்டாய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன்.

வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, "ஒருவர். வயதானவர், தனியாக வசிப்பவர்" என்று எழுதியிருந்தாய். வேறு யாரும் வந்து சேர்ந்து வசிப்பார்களா என்றதற்கு, "இல்லை. நாங்கள் வெளிநாட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டோம்." கடைசிக் கேள்வி, வளர்ப்பவரால் முடியாமல் போனால் பூனையை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்பது. அதற்கு, "நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

பூனைக்காரம்மா என் முகத்தைப் பார்த்து, "பாசமான பிள்ளைம்மா. நீங்க தனியா இருக்கீங்களேன்னு துணைக்கு வாங்கித் தர்றார்" என்றார். ஆமாம் என்று சிரித்து வைத்தேன். மூன்றாம் மனுஷியிடம் உன்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டும் அளவுக்கு அழுதேன்.

நீ அங்கேயே தங்கியதில் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். கோபம்தான். ஆனால் அது நாளாவட்டத்தில் ஆறிவிடும். "அம்மா, நாங்க வரலை" என்று மூன்று வார்த்தை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே! முன்பின் தெரியாத பூனைக்காரிக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லை. நான் உனக்காகச் சுவருக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உன் இடத்துக்கு ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதையும் என்னையே தேர்ந்தெடுக்க வைத்தாயே, அதைத்தான்டா தாங்க முடியவில்லை.

மருமகளுக்கும் தெரியும்தானே? அதனால்தான் இரண்டு ஞாயிறாகத் தலைவலி என்று அவள் போனுக்கு வரவில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அந்த மட்டும் அவள் தேவலை.

பூனையே வேண்டாம் என்று எழுந்துவிடத்தான் நினைத்தேன். அந்தச் சடைக்காரி என் கைப்பை வாரைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அவள் என்ன பாவம் செய்தாள்? அவளையே எனக்கென்று வைக்கச் சொல்லிவிட்டேன். என் வேலையை யாரும் கம்மி பண்ண வேண்டாம். நீ சீவி விடுவதாகச் சொன்ன முடி அது. நீ வரும்வரை நான் சீவுகிறேன்.

இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். "ஒருவர்" என்று எழுதியதை அப்படியே விட்டுவிட்டேன், அது உண்மைதானே. கடைசிப் பதிலை மட்டும் அடித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருந்தால் குட்டியைத் தரமுடியாதாம். மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். இந்த ஜாதி பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்குமாம். எனக்கு இப்போதே அறுபத்தேழு. எனக்குப் பிறகு அவளைக் கேட்க ஆளில்லை என்று என் கையால் எழுதிக் கொடுக்க மாட்டேன். உன் பெயரை எழுத மனம் வந்தால் எழுதி அனுப்பு. வராவிட்டால் காலியாகவே அனுப்பு, நான் புரிந்துகொள்வேன். எனக்காக ஒரு பொய்யை மட்டும் எழுதாதே.

மருமகளின் தலைவலி தீரட்டும். எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். இதைக் கோபமில்லாமல்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
படிவத்தில் உள்ள ஒருவர்,
உன் அம்மா.