நான் சொன்ன ‘வாறன்’

அக்கா,

இன்று மைதானத்து வாசலில் நுழைந்ததும் ஈரப் புல்லும் கோட்டுப் பெயின்றும் சேர்ந்த மணம் அடித்தது. கால்பந்துக்கு வெள்ளைக் கோடு, ரக்பிக்கு மஞ்சள். அந்தப் புல்லை வைத்து நாங்கள் இருவரும் எத்தனை சண்டை பிடித்திருப்போம்!

சனிக்கிழமை என் மகனின் கால்பந்து, ஞாயிறு உங்கள் மகளின் ரக்பி. ஒரே மைதானம், மேல்படியில் நாங்கள் இருக்கிற அதே வாங்கு. "உங்கடை முட்டைப் பந்துக்காரர் புல்லை உழுதுபோட்டுப் போயிட்டினம்" என்பேன். "உன்ரை ஆக்கள் தொட்டாலே விழுந்து அழுவினம். என்ரை பிள்ளை ரத்தம் வந்தாலும் எழும்பி ஓடுவாள்" என்பீர்கள். வாய்தான். பிள்ளை விழுந்தால் "ஐயோ முருகா" என்று என் தொடையைக் கிள்ளுவீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நீலம் பாரித்திருக்கும்.

வருத்தம் கடுமையாகி லோசான் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு உங்களுக்குப் படியேறுவது கஷ்டமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் போன் எடுத்தீர்கள்.

"நாளைக்குப் பிள்ளைக்கு இந்த சீசன்ரை கடைசி மட்ச். தனியப் படியேற ஏலாதடி. வாறியோ?"

நான் காலையிலிருந்து கால்பந்துக் கழகத்தின் கடையில் ரோல்ஸ் பொரித்துக் களைத்துப்போயிருந்தேன். "பாப்பம் அக்கா... சரி அக்கா, வாறன்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் சனம் போனை வைக்கும்போது விடைபெறச் சொல்கிற வாறன் அது. நீங்கள் அதைக் கேள்விக்குப் பதிலாக எடுத்தீர்கள். வேறு எப்படி எடுப்பீர்கள்? வாய் தவறி வந்தது என்று என்னையே ஏமாற்றப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை. வைத்த கையோடு எனக்கு உறைத்தது. திரும்ப எடுத்து "இல்லை அக்கா, ஏலாது" என்றிருக்கலாம். அலுப்பிலும் பஞ்சியிலும் விட்டுவிட்டேன். மறுநாள் மத்தியானம்வரை படுத்துக் கிடந்தேன். பிறகு வெட்கத்தில் போனும் எடுக்கவில்லை; அடுத்த கிழமையே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டில்தான் மகள் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை, பாவம், அம்மாவைப் பற்றிக் கதைக்க ஆசைப்பட்டுச் சொன்னாள். "கடைசி மட்ச் அண்டைக்கு அம்மா கீழை வாசலிலையே நிண்டவ, அன்ரி. எங்கடை கோச் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன் எண்டும் வரேல்லை. 'அவ வாறன் எண்டவ, வந்திடுவா' எண்டு சொன்னவவாம்."

வாசலில் நின்றால் புல் தெரியாது, மதில் மறைக்கும். பிள்ளை பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்தபோது எழுந்த கூச்சலை அங்கே நின்று கேட்டிருக்கிறீர்கள். எனக்காக நின்று, அதைக் கண்ணால் காணாமலே போய்விட்டீர்களே அக்கா. என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. நானும் சொல்லாமல்தான் வெளியே வந்தேன். அதனால் உங்களிடம் நான் கடைசியாகச் சொன்னது அந்த ஒரு வாறன்தான். இப்போதெல்லாம் யாருடன் கதைத்தாலும் "வைக்கிறன்" என்று சொல்லித்தான் போனை வைக்கிறேன்.

இன்று ஞாயிறு, புது சீசனின் முதல் மட்ச். மேல்படியில் எங்கள் வாங்கில் இருக்கிறேன். உங்கள் பிள்ளையை மூன்று பேர் சேர்ந்து விழுத்தினார்கள். என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். அவள் எழும்பி ஓடுகிறாள்.

வந்திட்டன், அக்கா.