நாப்பத்தியொரு சட்டை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும், அதை முதல்ல கேட்டுக்கிறேன். இங்க உடம்புக்கு எல்லாரும் நல்லா இருக்கோம், உடம்புக்கு மட்டும். ஃபோன் இருக்கும்போது அம்மா எதுக்குக் கடிதம் எழுதுறான்னு நினைப்பே. வீட்ல உருப்படியா இருக்கிறது ஒரு ஃபோன், அதுவும் பாடம் வருதுன்னு உன் தங்கச்சி கையிலதான் எப்பவும் இருக்கு, நான் அதுல ஒரு எழுத்து தட்டினாலும் அவ பார்த்துடுவா. என் பட்டன் ஃபோன்ல கடல் தாண்டி உன் ஊருக்குப் பேச முடியாது. கம்பவுண்டர் மருமக நாளைக்கு உன் ஊருக்குக் கிளம்புறா, சனிக்கிழமை உன் கையில சேர்த்துடுறேன்னு சொன்னா, இன்னைக்கு அஞ்சு மணிக்கு வந்து வாங்கிட்டுப் போவா. அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. லாரியில லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்கார், திரும்பி வர எட்டு நாள் ஆகும். ஓட்டுற மனுஷன் கையை எதுக்கு நடுங்க வைக்கணும்னு நான்தான் சொல்லல, நீயும் சொல்லிடாதே.

விஷயம் இதுதான். உன் தங்கச்சி, நம்ம ரேடியோ, பதினோரு நாளா பள்ளிக்கூடத்துக்குப் போகல. காலையில யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புறா, சாயந்திரம் சரியா அஞ்சு மணிக்கு வர்றா, நானும் வெறும் முட்டாளா டீ போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டுச் சொன்னப்பதான் தெரிஞ்சது. அடுத்த திங்களும் வரலைன்னா பேரை அடிச்சிடுவோம், அப்புறம் பரீட்சைக்குப் பேர் அனுப்ப முடியாதுன்னு கிளார்க் சொல்லிட்டார். பன்னிரண்டாவது படிக்கிற பொண்ணு. தையல் மெஷின் மேல அப்படியே கையை ஊணிக்கிட்டு நின்னேன்.

இதெல்லாம் என்னால வந்தது. நீ படிச்ச பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க குறைஞ்சு போச்சு, கட்டடமும் விரிசல்னு பூட்டிட்டு எல்லாரையும் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தோட சேர்த்தாங்களே, அப்போ நடந்ததை உனக்கு முழுசா நான் சொல்லல. ரெண்டுக்கும் ஒரே நீலச் சட்டைதான், பேட்ஜ் மட்டும்தான் வேற. புதுசு வாங்க வேண்டாம், பேட்ஜை மாத்தினா போதும்னு பெத்தவங்க எல்லாம் பேசி முடிவு பண்ணி என்கிட்ட குடுத்தாங்க. நாலு நாள்ல நாப்பத்தியொரு சட்டை. பழைய பேட்ஜ் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமா இருக்கும், உனக்குத் தெரியும், புதுசு வட்டமா சின்னது. பழசைப் பிரிச்சு எடுத்தா அடியில பாக்கெட்டுத் துணி வெளுக்காம அடர்நீலமா கட்டம் கட்டமா நிக்குது. என்ன செஞ்சிருக்கணும், பாக்கெட்டையே பிரிச்சு, வெளுக்காத உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைச்சிருக்கணும். இருபது வருஷமா தையல் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா. தெரியும். ஒரு சட்டைக்கு அரைமணி ஆகும், யாரு உத்துப் பார்க்கப் போறாங்கன்னு அந்தக் கட்டத்து மேலேயே வட்டத்தை ஒட்டித் தைச்சு அனுப்பிட்டேன். முதல் நாளே பார்த்துட்டாங்க. அன்னையில இருந்து நம்ம பிள்ளைங்களுக்கு அங்க கட்டம்னு பேர். கட்டம் நாலு வருது, கட்டத்தை முன்னாடி உட்கார வைக்காதேன்னு.

வகுப்புல கேலி பண்ணினாக்கூட தாங்கிக்குவா, உனக்கு அவளைத் தெரியும், ஒண்ணு சொன்னா ஒன்பது திருப்பிக் குடுப்பா. வகுப்பு முடிஞ்சப்புறம்தான் பிரச்சனையே. அந்தப் பிள்ளைங்க அஞ்சரை வரைக்கும் அங்கேயே இருந்து பந்து விளையாடும், பாட்டு கத்துக்கும், பேச்சுக் குழுன்னு ஒண்ணு கூடும். நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் நாலு பத்துக்கு பஸ், ஏறலைன்னா நடைதான். பழைய பள்ளிக்கூடத்துல தினம் மைக்ல செய்தி வாசிச்சவ, அவளுக்குப் பேச்சுக் குழு மேல ஆசை இருக்காதா. ஒரு நாள் பஸ்ஸை விட்டுட்டு அங்க போய் நின்னிருக்கா. ஒருத்தி பாக்கெட்டைப் பார்த்துட்டு, கட்டமெல்லாம் இன்னும் பஸ் ஏறலையான்னு கேட்டாளாம். ஒன்றரை மணி நேரம் நடந்து வந்து என்கிட்ட இதைச் சொல்லி அழுதா.

எனக்குப் பொறுக்கல. மறுநாளே புதுத் துணி வாங்கி, கட்டம் இல்லாம, பேட்ஜ் நடுவுல பளிச்சுன்னு இருக்கிற மாதிரி அவளுக்கு மட்டும் ஒரு சட்டை தைச்சுக் குடுத்தேன். வேண்டாம்மா வேண்டாம்மான்னுதான் சொன்னா. நான்தான் போட்டு அனுப்பினேன். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா முடிஞ்ச கதைதான். சலவைக்கடைக்காரர் பொண்ணு, ஒண்ணாவதுல இருந்து இவ பக்கத்துல உட்கார்ந்தவ, பஸ்ல பையை எடுத்துப் பக்கத்து சீட்ல வெச்சுக்கிட்டு இடம் இல்லைன்னுட்டா. உன் அம்மா எங்க சட்டையில கட்டம் போட்டுட்டு உனக்கு மட்டும் புதுசு தைச்சாங்களான்னு கேட்டிருக்கா. அவ கேட்டதுல என்ன தப்பு, நீயே சொல்லு. மத்த பிள்ளைங்களும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. அந்தப் பக்கம் இவ இன்னும் கட்டம்தான், இந்தப் பக்கம் சட்டை மாத்தினவ. இருதலைக் கொள்ளி எறும்பா பிள்ளையை நிறுத்திட்டேன். அதுக்கு மறுநாள்ல இருந்துதான் அவ போகல.

எங்க போறான்னு செவ்வாய்க்கிழமை பின்னாடியே போய்ப் பார்த்தேன். பழைய பள்ளிக்கூடத்துக்கு. பின்பக்கச் சுவர்ல சைக்கிள் ஸ்டாண்டு ஓரமா ஒரு உடைப்பு இருக்கு, அது வழியா உள்ளே போறா. கூரையில இருந்து காரை உதிர்ந்து கிடக்குற அந்த வகுப்புல, மூணாவது பெஞ்சுல, அவ இடத்துலயே உட்கார்ந்து ஃபோன்ல பாடத்தைப் பார்த்து நோட்டுல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தா. பக்கத்து இடத்தைச் சும்மா விட்டு ஓரமா உட்கார்ந்திருந்தா. ஊர் சுத்தியிருந்தாக்கூட ரெண்டு அடி போட்டு இழுத்துக்கிட்டு வந்திருப்பேன். இதுக்கு என்ன சொல்லித் திட்டுறது. கூரை விழுந்தா என்னடி ஆகும்னு கேட்டேன். தூக்கத்துலகூட பேசுற பொண்ணு, ரேடியோன்னு நீ பேர் வெச்சதே அதுக்குத்தானே, வழி பூரா வாயைத் திறக்கல. வாசல்கிட்ட வந்தப்புறம், இனிமே என் பின்னாடி வந்தீங்கன்னா நான் வீட்டுக்கே வர மாட்டேன்னு ஒண்ணு மட்டும் சொன்னா.

நேத்து நான் வீடு வீடாப் போனேன். மன்னிச்சுக்கோங்க, எல்லாச் சட்டையையும் குடுங்க, பாக்கெட்டைத் திருப்பித் தைச்சுத் தர்றேன்னு கேட்டேன். நாலு பேர் குடுத்தாங்க. மத்தவங்க இப்போ எதுக்குன்னு கதவைச் சாத்திட்டாங்க. சலவைக்கடைக்காரர் சம்சாரம் உட்காரக்கூடச் சொல்லல. வந்து ரேடியோகிட்ட அதைச் சொன்னேன்.

இன்னைக்குக் காலையில கிளம்பும்போது பையை முதுகுல மாட்டாம நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போனா. செருப்பு மாட்டக் குனிஞ்சப்பதான் பார்த்தேன். நான் தைச்ச புதுச் சட்டையில என் பாக்கெட்டைக் காணோம். என் வெட்டுத்துணிக் கூடையில கிடந்த அவளோட பழைய சட்டையில இருந்து அந்தக் கட்டம் போட்ட பாக்கெட்டைப் பிரிச்சு எடுத்து அதுல வெச்சுத் தைச்சிருக்கா. ஊசியில நூல் கோக்கக்கூட என்னைக் கூப்பிடுற பொண்ணு. தையல் கோணலும் மாணலுமா ஓடுது, ஒரு மூலை தூக்கிக்கிட்டு நிக்குது. என் கை துறுதுறுங்குது, ஆனா தொடல. அவ என்னைப் பார்த்தா, நானும் பார்த்தேன், போயிட்டா.

கேட் வழியாப் போனாளா, சுவர் வழியாப் போனாளான்னு எனக்குத் தெரியல. பின்னாடி போகக் கூடாதுன்னு சொல்லிட்டாளே. பள்ளிக்கூடத்து நம்பர் காகிதத்துல எழுதி மெஷின் மேல வெச்சிருக்கேன், மூணு தடவை ஃபோனை எடுத்துட்டேன், வரலைன்னு சொல்லிட்டா நான் என்ன ஆவேன்னு பயந்து வெச்சிட்டேன். இப்போ மணி நாலு அஞ்சு. இன்னும் அஞ்சு நிமிஷத்துல பஸ் எடுப்பாங்க. அதுல அவ இருக்கணும், அவளுக்கு ஒருத்தி பையை நகர்த்தி இடம் விட்டிருக்கணும், எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவ ஃபோனுக்குக் கூப்பிடு, நான் நூல் வாங்கப் போற மாதிரி வெளியே போயிடுறேன். நான் எழுதினதைச் சொல்லாதே. புத்திமதி சொல்லாதே கண்ணு, அதை நான் சொல்லி அலுத்துட்டேன். அவளைப் பேச விடு, பழைய மாதிரி நிறுத்தாம பேசட்டும், நீ கேட்டுக்கிட்டே இரு. திங்கட்கிழமை அவ போகணும். நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டா.

நீ நல்லா இருக்கணும், உன் வீடு நிறைஞ்சு இருக்கணும். ராத்திரி வேலை முடிஞ்சு தனியா நடந்து வராதே. ஞாயிறு நாலு மணி, மறந்துடாதே. மணி அஞ்சாகப் போகுது, வாசல்ல பஸ் சத்தம் கேட்குற மாதிரி இருக்கு, எழுந்து போய்ப் பார்க்கத் தைரியம் இல்லாம உட்கார்ந்து இந்த வரியை எழுதிக்கிட்டு இருக்கேன்.

உன் மேலயும் அவ மேலயும் உயிரை வெச்சிருக்கிற,
அம்மா