நவம்பர் மாதக் கடல்

மில்பிடாஸ்,
நவம்பர் 12, 1999

என்னங்க,

நேர்ல பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் கூட்டிடுறீங்க, அதனால எழுதுறேன்.

"குளிர்காலம் வருது, கடல்ல நீந்துறதை நிறுத்து, ஜன்னி வரும்"னு நேத்தும் சொன்னீங்க.

மார்ச்ல ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோட வந்தோம். மறுவாரமே தொட்டிலைக் கடையில ரிட்டர்ன் பண்ணிட்டு அந்த ரூம்ல கம்ப்யூட்டரை வெச்சீங்க. நம்ம பொண்ணுக்கு வெச்சிருந்த பேரை அதுக்கப்புறம் ஒரு தடவைகூட நீங்க சொல்லல. நான் சொன்னா எழுந்து போயிடுறீங்க.

காலையில அந்தக் கடல் தண்ணியில இறங்கினதும் மூச்சே நின்னு போகும். கூட நீந்துறவங்க எல்லாரும் குளிர்ல கத்துவாங்க. நான் அவ பேரைக் கத்துவேன். யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் மனசு கொஞ்சம் லேசா இருக்கு.

நாளைக்கும் போவேன். நான் நிறுத்தணும்னா, அந்தப் பேரை இந்த வீட்ல சொல்ல விடுங்க.

அவளோட அம்மா