நடுச்சுவரும் இரண்டு பூனைகளும்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே மனிதர்களும் பூனைகளும் சௌக்கியம். வீடு மட்டும்தான் சௌக்கியமாக இல்லை. அதற்கும் இப்போது வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. ஆமாம், கொத்தனார் வந்துவிட்டார்! நேற்றுக் காலை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஏதோ முந்தாநாள்தான் போனவர் மாதிரி "டீ இருக்காம்மா" என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய் இரண்டு டம்ளர் டீ கொடுத்தேன்.

போனிலேயே சொல்லலாமே என்று உன் வீட்டுக்காரன் கேட்டான். போனில் நாம் இருவரும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன் அத்தை", "அங்க மழையா", "இல்ல அத்தை" என்பதற்கு மேல் போனதே இல்லை. அதற்குள் இரண்டு பேரில் ஒருத்திக்கு ஏதோ அவசர வேலை வந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது எனக்கு வசதி.

"சுவர் முடிஞ்சதும் வரேன் அத்தை, அதுவரைக்கும் இங்கேயே இருக்கேன்னு ஆபீஸ்ல கேட்டுக்கறேன்" என்று மாற்றலாகிப் போன ஊரிலிருந்து போன தடவை போனில் சொன்னாய். நான் சரி என்று வைத்துவிட்டேன். கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பி, முன்பாதி எனக்கு, பின்பாதியும் மாடியும் உங்கள் இரண்டு பேருக்கும், ஆளுக்கொரு அடுப்படி என்று மூவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். யார் முதலில் வாயைத் திறந்தது என்று இப்போது கிளற வேண்டாம். வாணலியை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்பதற்காக ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் நாம். சுவர் இருந்தால் நல்லதுதான். நீ வருவதற்கு அதுதான் வழி என்றால், நான் பக்கத்தில் நின்று செங்கல் எடுத்துக் கொடுக்கவும் தயார்.

வேலை ஏன் இப்படி இழுக்கிறது என்று கேட்டிருந்தாய். மணல் வந்தது, செங்கல் வரவில்லை. செங்கல் வந்தது, கொத்தனாரைக் காணவில்லை. மின்சாரக்காரர் சுவரெல்லாம் கீறி வயரைத் தொங்கவிட்டுவிட்டு, "ஒரு ஸ்விட்ச் வாங்கிட்டு வந்துடறேன்" என்று போனவர்தான். அந்த ஸ்விட்சை எந்த ஊரில் செய்கிறார்களோ தெரியவில்லை. பின்பக்கத்து ஜன்னலைக் கழற்றிச் சாய்த்து வைத்தது அப்படியே கிடந்து, போன வாரம்தான் திரும்ப மாட்டினார்கள். துணி, தட்டு, தலையணை, என் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் தூசி. தும்மாமல் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதே பெரிய சாமர்த்தியமாக இருக்கிறது.

இந்த அமளியில் ராஜா மாதிரி இருப்பவர்கள் உன் பூனைகள் மட்டும்தான். உன் கறுப்பனுக்கு நான் சூப்பர்வைசர் என்று பெயர் மாற்றிவிட்டேன். சிமெண்ட் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு செங்கலாகப் பார்க்கிறான். வேலை நடந்தால் வாயே திறப்பதில்லை. ஆட்கள் டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், கத்தித் தீர்த்துவிடுகிறான். கொத்தனார் அவனை "சார்" என்று கூப்பிடுகிறார். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். யாருக்குப் பயப்படுகிறார் என்று பார்த்துக்கொள்.

உன் இன்னொரு பூனை பஞ்சு விஷயம்தான் எனக்குக் கோபம். இப்போதே இரண்டு அடுப்படியாகிவிட்டதால் அது காலையில் என்னிடம் பாலும் முட்டையும் முடித்துவிட்டு, பின்பக்கம் போய் உன் வீட்டுக்காரனிடம் மீனும் சாப்பிடுகிறது. படிக்கட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் திறந்திருக்கும் பொந்து இருக்கிறதே, அதன் வழியாகத்தான் போக்குவரத்து. வயிறு தரையைத் தொடுகிறது. அவன் கொடுக்கும் மீன்தான் காரணம் என்று நான் சொல்கிறேன். "நீ குடுக்கற முட்டைதாம்மா" என்று அவன் சொல்கிறான். அவன் சமையலைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. கருகல் வாசனை தெருமுனை வரை வருகிறது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

உன் புது அடுப்படியில் தொட்டியை ஜன்னல் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும்போது நீ வெளியே வேடிக்கை பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். வரைபடத்தில் அப்படி இல்லையே என்று கொத்தனார் வாதாடினார். படம் பாத்திரம் கழுவாது என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமியார்

*

கண்ணு,

சுவரை உடைத்துவிட்டேன். நானே, என் கையால், சுத்தியல் எடுத்து உடைத்தேன். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் நலம். சொல்லப்போனால் முன்பைவிட அதிகம் பேர் நலம். சுத்தியல் பிடித்த கை வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதற்குத்தான்.

இரு, முதலிலிருந்து வருகிறேன். சுவர் மளமளவென்று ஏறியது. கடைசியாக மிச்சம் இருந்தது அந்தப் படிக்கட்டுப் பொந்துதான். என் பக்கத்து வாயைச் செங்கல் வைத்து அடைப்பது, உங்கள் பக்கத்து வாயில் பலகை அடித்துச் செருப்பு அலமாரி ஆக்குவது என்று ஏற்பாடு. முந்தாநாள் மதியம் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடந்தது. கொத்தனார் கரண்டியும் கையுமாகக் குனிந்துகொண்டு, "அம்மா, உள்ள பூனை கீனை இருக்கா பாருங்க, அடைச்சா அடைச்சதுதான்" என்றார். நான் இருந்த இடத்திலிருந்தே, "அது அந்தப் பக்கம் மீனைத் தின்னுட்டுத் தூங்கும், நீங்க அடைங்க" என்றேன். அதே நேரத்தில் பின்பக்கம் தச்சர் உன் வீட்டுக்காரனிடம் அதையே கேட்டிருக்கிறார். அவன் போனில் ஆபீஸ் பேச்சு பேசிக்கொண்டே, "அது அம்மா பக்கம் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறான். இரண்டு பேரில் ஒருத்தராவது குனிந்து பார்த்தோமா? இல்லையே!

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. பின்பக்கத்து வெளிச்சம் இனிமேல் கூடத்துக்கு வராது என்பதை மட்டும் யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. விளக்கைப் போடலாம் என்றால் மின்சாரக்காரர் இன்னும் ஸ்விட்ச் வாங்கப் போன இடத்திலேயே இருக்கிறார். உனக்குப் போன் செய்து சுவர் முடிந்தது, கிளம்பி வா என்று சொல்ல நினைத்தேன். ஏனோ எண்ணை அழுத்த மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் முட்டையைத் தொடவில்லை. புதுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தான். "சார் என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறாரும்மா" என்று கொத்தனார் சிரித்துவிட்டு வெளிப்பூச்சுக்குப் போய்விட்டார். பஞ்சு என் பக்கம் வரவில்லைதான். வர வழி இல்லாததால் அங்கேயே இருக்கிறது என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரனிடம் கேட்கலாம். கேட்டால், பூனை தன் பக்கம் வந்துவிட்டதில் எனக்குப் பொறாமை என்று கிண்டல் செய்வான். வீம்புக்குப் பேசாமல் இருந்தேன்.

மதியம் வாசல் மணி அடித்தது. திறந்தால் என் பிள்ளை நிற்கிறான், கையில் மீன் தட்டு. பின்வாசல் வழியாக வெளியே வந்து, தெருவைச் சுற்றி, என் வாசலுக்கு வந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் ஓடித் திரிந்தவன் மணியை அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை வெளியே நின்றான். ஆனால் அவன் முதலில் கேட்டது, "பஞ்சு எங்கம்மா? நேத்திலேர்ந்து என் பக்கம் வரவே இல்ல. பூட்டி வெச்சிருக்கியா?" என்றுதான். "பூட்டி வைக்க அது என்ன பீரோவா? உன் பக்கம்தானே இருக்கு?" என்று நானும் சத்தம் போட்டேன். போட்ட பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்புறம் இரண்டு பேரும் சூப்பர்வைசரைப் பார்த்தோம்.

மாடியில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் போட்ட கத்தலில் மெஷின் நின்றது. சுவரில் காதை வைத்தேன். உள்ளே ஏதோ மெல்லிசாக ஒரு சத்தம். பஞ்சுவின் குரல் எனக்குத் தெரியும், அது இல்லை. அதைவிட ரொம்பச் சின்னது.

அவ்வளவுதான், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதலாம் என்றால் அது பொய். இரண்டும் நன்றாகவே ஓடின. கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வருவதற்குள் அவருடைய சுத்தியல் என் கையில் இருந்தது. "அம்மா, கையில போட்டுக்கப் போறீங்க, குடுங்கம்மா" என்று கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை. சிமெண்ட் இன்னும் பச்சையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. நாலு அடியில் ஒரு செங்கல் அசைந்தது. அதற்குமேல் அவர் என்னைத் தடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். உன் வீட்டுக்காரன் வீட்டுச் செருப்போடு தெருவைச் சுற்றி ஓடி, அந்தப் பக்கம் போய்ப் பலகையைப் பெயர்க்கப் பார்த்தான். முந்தாநாள் அடித்த பலகையைத் தச்சரே பெயர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று, பாவம்.

தூசி அடங்கியதும் நான் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தேன். அந்தப் பக்கம் அவன் குப்புறப் படுத்திருந்தான். எங்கள் இரண்டு முகத்துக்கும் நடுவில், பழைய பேப்பர் கட்டின் மேல் பஞ்சு! அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள்! ஒன்று முழு வெள்ளை, ஒன்று திட்டுத்திட்டாக, ஒன்று உன் பழைய பழுப்புச் சேலை நிறம். கண் திறக்கவில்லை, காது ஒட்டிக்கிடக்கிறது, கத்தல் மட்டும் ஊரைக் கூட்டும். "அம்மா, மூணும்மா, மூணு!" என்று அவன் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினான். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று கொத்தனார் சொல்கிறார்.

பஞ்சு கிண்ணம் நிறையத் தண்ணீர் குடித்தது. மீனைத் தின்றது. பிறகு என் முட்டையையும் தின்றது. சூப்பர்வைசர் உள்ளே எட்டிப் பார்த்து பஞ்சுவிடம் ஓர் அறை வாங்கிக்கொண்டு வந்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இதில் பங்கில்லை என்பது உனக்குத் தெரியும், நீதானே அவனைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாய். பஞ்சுவுக்கும் நாள் குறித்திருந்தாய், அதற்குள் உனக்கு மாற்றல் வந்துவிட்டது. ஜன்னல் கழன்று கிடந்த காலத்தில் எந்தக் கடுவன் வந்து போனானோ. நாங்களும் மீனா முட்டையா என்று வழக்காடிக்கொண்டே இருந்துவிட்டோம். நீ இருந்திருந்தால் ஒரு தடவை தூக்கிப் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பாய்.

பஞ்சு அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. ஆகவே பொந்து இரண்டு பக்கமும் திறந்தபடி இருக்கிறது. மேஜைத் துணியை மடித்து உள்ளே விரித்திருக்கிறேன். இன்று காலை அந்த வழியாக ஒரு கை நீண்டு, "அம்மா, சர்க்கரை இருக்கா" என்று கேட்டது. டீயாகவே போட்டு நீட்டிவிட்டேன். குட்டிகளைப் பார்க்கிற சாக்கில் இரண்டு பேரும் அவரவர் பக்கம் தரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். உன்னைப் பற்றித்தான் பேசினோம்.

இப்போது நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அப்போ சுவர் முடியலையா அத்தை என்பாய். முடியவில்லை கண்ணு. குட்டிகள் நடக்க ஆரம்பித்ததும் பொந்தைத் திரும்ப அடைக்கலாம், செங்கல் அங்கேயே அடுக்கி இருக்கிறது. நீ அடைக்கச் சொன்னால் அடைத்துவிடுவேன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதுவரைக்கும் வர மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. இந்த வீட்டில் சண்டை போட ஆளில்லாமல் எனக்கு நாக்கே மரத்துவிட்டது. நீ இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதைப் போனில் சொல்ல வரவில்லை, எழுதிவிட்டேன்.

கொத்தனார் வேறு ஒரு யோசனை சொன்னார். பொந்துக்குப் பக்கத்தில் ஆள் நிமிர்ந்து போகிற அளவுக்குச் சுவரை அறுத்து ஒரு கதவு வைக்கலாமாம். அடுப்படி இரண்டும் இரண்டாகவே இருக்கட்டும், வாணலியை உன் இஷ்டம்போல் மாட்டிக்கொள். தச்சர் அளவெடுத்துவிட்டு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கணும், இரண்டு பக்கமுமா என்று கேட்டார். உன் பக்கம் மட்டும் வைத்தால் போதும், என் பக்கம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ சரி என்று எழுதினால் வேலையை ஆரம்பிப்பார்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அப்படி நன்றாக இங்கே வந்து இருக்கக் கூடாதா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அத்தை